மாரிக்காலத்தில் வண்டி செலுத்துதல்

[கும்பகோணத்தில் நமது சங்கத்தின் ஐப்பசி மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு]



தமிழ் போதிக்கும் ஆசிரியர் ஒருவர், இலக்கணத்தையும் இலக்கியத்தையும் ஒருபுறம் வைத்துவிட்டு, மழைக்காலத்தில் மோட்டார் வண்டி செலுத்துவதைப்பற்றிப் பேச வருவது உங்களிற் சிலர்க்கு வியப்பாக இருக்கலாம். வாடகைக் கார் ஓட்டி வாழ்வோரும், லாரி உடையோரும், யந்திரத் தொழில் வல்லோரும் இச்சபையில் அமர்ந்திருக்கின்றனர். அவர்களுக்குத் தொழில் கற்பிக்க யாம் வரவில்லை. அவர்கள் அறிந்தவற்றை நம் குடும்பத்தார் அனைவரும் அறிதல் வேண்டும் என்பது எமது முதல் நோக்கம். வண்டி செலுத்துவோனைக் காட்டிலும் அவனை அனுப்புவோரும் எதிர்பார்த்திருப்போரும் அறிய வேண்டியது ஒன்றுண்டு. அதனைச் சொல்லுதல் இரண்டாவது நோக்கம். அவ்வொன்றை யாம் நூலிற் கற்றோமல்லோம். ஒரு கார்த்திகை மாதத்து விடியற்காலையில், ஒரு வாய்க்காற் கரையிற் கற்றோம். அதனை இப்பேச்சின் பிற்பகுதியிற் கூறுவோம்.

நம் நாட்டு நிலையை முதலில் நோக்குங்கள். காவிரி கல்லணையிற் பல கிளைகளாகப் பிரிந்து, பின்னும் பிரிந்து, ஆறும் வாய்க்காலும் கன்னியுமாக வயலெங்கும் பரந்து செல்கின்றது. நமது கும்பகோணம் வடக்கே காவிரிக்கும் தெற்கே அரசலாற்றுக்கும் நடுவே அமைந்த ஊர். எத்திசையிற் புறப்பட்டாலும் நீரைக் கடவாமலோ, நீரின் ஓரமாகச் செல்லாமலோ நாம் அடுத்த ஊரை அடைவதில்லை. நம் கிராமத்துச் சாலைகளிற் பல, ஆற்றங்கரையும் வாய்க்காற் கரையுமே சாலையாக்கப்பட்டவை. மேட்டு நாட்டில் வண்டி சாலையை விட்டு விலகினால் புதரிற் சென்று நிற்கும். நம் நாட்டில் விலகினால் நீரில் இறங்கும். வடகிழக்குப் பருவமழையோ அக்டோபர் தொடங்கி டிசம்பர் வரை பெய்வது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அம்மழை ஓங்கி நிற்கும்போதே நம் வீடுகளில் முகூர்த்தங்களும் நிறைந்திருக்கின்றன. மழை, கரை, அவசரம் ஆகிய இம்மூன்றும் ஒருங்கு கூடும் காலம் இது.

2022ஆம் ஆண்டில் இந்திய நாட்டுச் சாலை விபத்துக்களில் இறந்தோர் 1,68,491 பேர் என்று மத்திய அரசாங்கத்தின் கணக்குக் கூறுகின்றது. அவருள் 17,884 பேர் தமிழ்நாட்டில் இறந்தவர். இறந்தாரில் நூற்றுக்கு நாற்பத்து நால்வருக்கு மேற்பட்டோர் இருசக்கர வண்டியிற் சென்றவர். இவர்கள் அனைவரும் மழையால் இறந்தவரல்லர். ஆயினும் வெயிற்காலத்திலேயே இத்துணைக் கேடு விளைக்கும் சாலை, மழைக்காலத்தில் நம்மிடம் எத்துணை எச்சரிக்கையை எதிர்பார்க்கும் என்பதை நீங்களே எண்ணிக்கொள்ளலாம்.

திருவள்ளுவர் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். அவை 48, 49, 50ஆம் அதிகாரங்கள். அரசன் போர்மேற் செல்லும்போது நோக்க வேண்டியவை அவை. மாரிக்காலத்தில் வண்டியேறிச் செல்லும் குடிமகனுக்கும் அம்மூன்றும் பொருந்தும் என்பது எமது துணிபு. அவ்வரிசையிலேயே விஷயத்தைச் சொல்லுவோம்.

முதலாவது, வலியறிதல். வண்டியின் வலி எதில் இருக்கின்றது? யந்திரத்தில் என்பர் பலர். மழைநாளில் அது டயரில் இருக்கின்றது. ஒரு காரின் சக்கரம் எவ்வளவு பெரிதாயினும், ஒரு நேரத்தில் அது தரையைத் தொடும் இடம் நம் உள்ளங்கை அளவேயாகும். நான்கு உள்ளங்கைகளின்மேல் ஒரு குடும்பமே அமர்ந்து செல்கின்றது. டயரிற் வெட்டப்பட்டிருக்கும் பள்ளக் கோடுகள் அழகுக்காக அமைந்தனவல்ல. சாலைமேல் நிற்கும் நீரை இருபுறமும் வெளியேற்றி, டயர் தரையைப் பற்றும்படி செய்வதே அவற்றின் தொழில். கோடுகள் தேய்ந்துபோனால் நீருக்கு வெளியேற வழியில்லை. அப்போது நீர் டயருக்கும் தரைக்கும் இடையே புகுந்து வண்டியைத் தூக்கிவிடும். வண்டி தரையை விட்டு நீர்மேல் வழுக்கிச் செல்லும். திருப்பினாலும் திரும்பாது, பிரேக் பிடித்தாலும் நில்லாது. காரின் டயரில் அக்கோட்டின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்கும், இருசக்கர வண்டியில் 0.8 மில்லிமீட்டருக்கும் குறையலாகாது என்பது நம் நாட்டுச் சட்டவிதி. அந்த அளவு வரையில் தேயவிடுவதும் மழைநாட்டார்க்கு அறிவுடைமையன்று. "பொங்கல் கழியட்டும், டயர் மாற்றலாம்" என்று ஒத்திவைப்போர் நம்முள் பலர். மழை பொங்கலுக்கு முன்னரே வருகின்றது என்பதை அவர்கள் நினைத்தல் வேண்டும். ஆதலின் டயரும், பிரேக்கும், விளக்கும், கண்ணாடி துடைக்கும் வைப்பரும் புரட்டாசி மாதத்திலேயே பார்க்கப்படல் நன்று.

வண்டி அவ்வாறு நீர்மேல் வழுக்கத் தொடங்கினால் செய்ய வேண்டுவது யாது? அஞ்சிப் பிரேக்கை மிதித்தலும், திசைச் சக்கரத்தை வெடுக்கென்று திருப்புதலும் ஆகா. வேகங்கொடுக்கும் காலை மெல்ல எடுத்துவிட்டு, திசைச் சக்கரத்தை நேராகப் பிடித்திருந்தால், வேகம் குறைந்தவுடன் டயர் மீண்டும் தரையைப் பற்றும்.

மென்மையான பொருளாயினும் அளவு கடந்து ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்னும் கருத்தை வள்ளுவர் வலியறிதலில் அமைத்திருக்கின்றார். இருவர் ஏறும் வண்டியில் தாய், தந்தை, இரு குழந்தை, சீர்வரிசைத் தட்டு என ஏற்றிச் செல்லும் காட்சியை நாம் தினமும் காண்கின்றோம். தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. பின்னால் அமர்ந்துகொண்டு குடை விரித்துச் செல்லுதல் பெருந்தீங்கு. ஓடும் வண்டியிற் குடை பாயாகிவிடும். எதிர்க்காற்று ஒருமுறை இழுத்தால் அமர்ந்தவரும் விழுவர், ஓட்டுவோனும் விழுவான். சேலைத் தலைப்பும், மழைச்சட்டையின் தொங்கும் நுனியும் சக்கரத்திற் சிக்காதபடி செருகிக்கொள்ள வேண்டும். நனைந்த தலைக்கவசம் அசௌகரியம் என்று அதனைக் கைப்பிடியில் மாட்டிச் செல்வது, குடையை மடக்கி வைத்துக்கொண்டு நனைவதை ஒக்கும். இருசக்கர வண்டியில் செல்லும் இளைஞர்களுக்கும் ஒன்று சொல்லுவோம். நனைந்த சாலையில் வெள்ளைப் பூச்சுக் கோடுகளும், சாக்கடையின் இரும்பு மூடிகளும், ரயில் தண்டவாளமும் சோப்புத் தடவியவைபோல வழுக்கும். அவற்றின்மேற் செல்லும்போது பிரேக் பிடித்தலும் சாய்த்துத் திருப்புதலும் கூடா. தண்டவாளத்தை நேர்க்குறுக்காகக் கடத்தல் வேண்டும்.

இரண்டாவது, காலமறிதல். பெருமழையே அபாயம், சிறுதூறல் அபாயமன்று என்று எண்ணுதல் தவறு. பல நாள் வெயிலிற் சாலைமேல் படிந்திருக்கும் எண்ணெயும் புழுதியும் முதற்றூறலிற் கரைந்து, மெல்லிய வழுக்குப் பூச்சாகிவிடுகின்றன. மழை தொடங்கிய முதல் அரைமணி நேரத்தில் மிக்க நிதானம் வேண்டும்.

அடுத்து, இடைவெளி. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்திற் செல்லும் வண்டி ஒரு விநாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் தூரம் செல்லும். முன்னே ஒரு மாடு குறுக்கிடுவதைக் கண் கண்டு, காலுக்குச் செய்தி வந்து, பிரேக் பிடிக்கும் முன்னரே அந்த 17 மீட்டர் கழிந்துவிடும். அதன்பின் வண்டி நிற்பதற்கு வேண்டிய தூரம் வேறு. வேகம் இருமடங்கானால் இத்தூரம் நான்மடங்காகும். சாலை நனைந்திருந்தால் மேலும் பெரிதும் நீளும். ஆதலின் முன் செல்லும் வண்டிக்கும் நமக்கும் வெயிலில் இரண்டு விநாடி இடைவெளியும், மழையில் நான்கு விநாடி இடைவெளியும் வேண்டும் என்று மேனாட்டுச் சாலை விதிகள் கூறுகின்றன. இதனை அளத்தல் எளிது. முன்வண்டி ஒரு புளியமரத்தைக் கடக்கும்போது "ஆயிரத்தொன்று, ஆயிரத்திரண்டு, ஆயிரத்துமூன்று, ஆயிரத்துநான்கு" என்று மனத்துள் எண்ணுங்கள். எண்ணி முடியுமுன் நம் வண்டி அம்மரத்தை அடைந்துவிட்டால், நாம் நெருங்கிச் செல்கின்றோம் என்பது பொருள்.

விளக்கைப்பற்றியும் சொல்லுதல் வேண்டும். மழையிலும், மார்கழி தை மாதங்களின் பனிமூட்டத்திலும் மேல்நோக்கிய பெருவிளக்கைப் போட்டால், ஒளி நீர்த்துளியிற் பட்டு நம் கண்ணிலேயே திரும்பி விழும். முன்னால் வெள்ளைச் சுவர் எழுந்தாற்போலத் தோன்றும். தாழ்ந்த விளக்கே சாலையைக் காட்டும். நான்கு மூலை விளக்குகளையும் ஒருங்கே மினுக்கிக்கொண்டு ஓட்டுவதும் தவறான வழக்கம். அவ்விளக்குகள், வண்டி பழுதாகி நிற்கின்றது என்பதற்கு அறிகுறி. ஓடும்போது அவற்றைப் போட்டால், நாம் இடப்புறம் திரும்புகின்றோமா வலப்புறம் திரும்புகின்றோமா என்பதைப் பின்னால் வருவோன் அறிய இயலாது.

வானிலை ஆய்வு மையத்தார் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறங்களால் எச்சரிக்கை வெளியிடுகின்றனர். ஒருநாளில் 20 சென்டிமீட்டருக்கு மேற்பட்டுப் பெய்யும் மழையை அதிகனமழை என்பர்; அதனை எதிர்நோக்கும்போது சிவப்பு எச்சரிக்கை வெளிவரும். அந்நாளில் வண்டியை வெளியே எடாமையே வண்டி செலுத்தும் திறமாகும். புயல் நின்றவுடன் புறப்படுதலும் ஆகாது. 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்ததை நாம் மறக்கவில்லை. வானம் தெளிந்த பின்னரும் மரங்களும் மின்கம்பங்களும் சாலைகளின் குறுக்கே கிடந்தன. கிடக்கும் மின்கம்பியில் மின்சாரம் இல்லை என்று எவரும் கண்ணாற் கண்டு கூற முடியாது. கம்பி கிடக்குமிடத்தில் வந்த வழியே திரும்புதலே முறை.

காலம் வாய்க்கும்வரை ஒடுங்கிக் காத்திருக்கும் கொக்கை வள்ளுவர் காலமறிதலில் உவமையாக்கினார். நம் வயல்களில் நாம் நாள்தோறும் காணும் பறவை அது. மணிக்கணக்காக ஒற்றைக்காலில் நிற்கும் கொக்கைச் சோம்பேறி என்று எவரும் இகழ்வதில்லை. மழை வலுத்தபோது பெட்ரோல் பங்கிலோ, கடைத்தெருவிலோ வண்டியை ஒதுக்கி நிறுத்தி, ஒரு குவளை காபி அருந்திக் காத்திருப்பவனை மட்டும் நாம் கோழை என்கின்றோம். இடி மின்னலுக்கு ஒதுங்குவோர் மரத்தடியை மட்டும் நாடலாகாது. கட்டடத்தை நாட வேண்டும்.

மூன்றாவது, இடனறிதல். கரைச் சாலையில் எதிரே பஸ் வரும்போது, வழிவிடும் பொருட்டு இடச்சக்கரத்தைத் தார்ச்சாலையிலிருந்து மண்ணில் இறக்குதல் நம் வழக்கம். கோடையில் அதனால் தீங்கில்லை. மழைநாளில் நம் களிமண் கரை நெகிழ்ந்து, மேலே பசும்புல் தோன்ற உள்ளே சேறாக இருக்கும். சக்கரம் இறங்கியவுடன் கரை உள்வாங்கும், வண்டி சாயும். ஆதலின் தூரத்திலேயே பஸ்ஸைக் கண்டு, அகன்ற இடம் பார்த்து நின்று, அதனைப் போகவிட்டுச் செல்லுதலே நன்று. நடவுக்காலத்தில் உழவு டிராக்டர் வயலிலிருந்து ஏறும் இடங்களிற் சாலைமேற் சேறு படிந்திருக்கும். அறுவடைக் காலத்தில் வைக்கோல் பரந்திருக்கும். இரண்டும் நனைந்தால் பாசிக்கு ஒப்பாகும்.

தரைப்பாலத்தின்மேல் நீர் ஓடும்போது அதனைக் கடக்கலாமா என்பது பலர் கேட்கும் வினா. கடக்கலாகாது என்பதே விடை. ஓடும் நீர் ஓரடி ஆழமே இருப்பினும் சிறிய கார்களை மிதக்கச் செய்யும். இரண்டடி ஆழத்தில் ஓடும் நீர் பெரும்பாலான வண்டிகளை அடித்துக்கொண்டு போகும். நிலத்தில் ஓடுவதற்கு அமைந்தது நீரில் ஓடாது என்னும் உண்மையை இடனறிதல் அதிகாரம் தேரையும் நாவாயையும் கொண்டு உணர்த்துகின்றது. "முன்னே போன வண்டி கடந்துவிட்டதே" என்பர். முன்வண்டி கடந்தபோது இருந்த நீர் வேறு, நாம் கடக்கும்போது இருக்கும் நீர் வேறு. நீருக்கு அடியிற் பாலம் இருக்கின்றதா என்பதோ எவர்க்கும் தெரியாது.

இதற்குச் சான்று தேடி நாம் நெடுந்தூரம் போக வேண்டுவதில்லை. கொள்ளிடத்துக்கு அப்பால், அரியலூருக்கு அண்மையில் மருதையாறு ஓடுகின்றது. 1956ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள், பெருமழையால் அவ்வாற்றில் வெள்ளம் பெருகியிருந்தபோது, சென்னையிலிருந்து தூத்துக்குடி சென்ற எக்ஸ்பிரஸ் ரயில் அங்குள்ள பாலத்தின்மேல் ஏறியது. வெள்ளம் பாலத்தைப் பலமிழக்கச் செய்திருந்தது. பாலம் நிலைகுலைய, எஞ்சினும் பெட்டிகளும் ஆற்றில் வீழ்ந்தன. 140க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவ்விபத்துக்குத் தார்மிகப் பொறுப்பேற்று, அக்காலத்து ரயில்வே மந்திரி லால்பகதூர் சாஸ்திரி தமது பதவியைத் துறந்தார். இரும்புப் பாதையில், தேர்ந்த சாரதி செலுத்திய ரயிலுக்கே வெள்ளம் அடியில் செய்திருந்த கேடு புலப்படவில்லை எனின், நம் சிறு வண்டிக்குப் புலப்படுமோ? அதனுடன் மற்றொன்றையும் எண்ணுங்கள். எஞ்சினைத் தாம் செலுத்தாத சாஸ்திரியார் பொறுப்பைத் தம்முடையதாக ஏற்றார். இதனை நெஞ்சிற் கொள்ளுங்கள். எமது கதைக்கு இது வேண்டும்.

கதைக்கு முன் உயிர்காக்கும் குறிப்பு ஒன்று. கார் நீரில் விழுந்துவிட்டால், அது உடனே மூழ்காது. ஏறக்குறைய ஒரு நிமிஷ நேரம் மிதந்து நிற்கும். அந்நிமிஷமே நமக்கு உள்ளது. கனடா தேசத்து மானிட்டோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்டன் கீஸ்பிரெக்ட் என்பார் வண்டிகளை நீரில் மூழ்கவிட்டுப் பலமுறை ஆராய்ந்து கூறும் முறை இது: முதலில் இருக்கை வாரை அவிழ்த்தல், அடுத்துப் பக்கக் கண்ணாடியை இறக்குதல், குழந்தைகளை முதலில் வெளியேற்றித் தாமும் அவ்வழியே வெளியேறுதல். கதவைத் திறக்க முயன்று காலங்கழித்தல் கூடாது. வெளி நீரின் அழுத்தம் கதவைத் திறக்கவிடாது. திறந்தாலும் நீர் விரைந்து புகுந்து வண்டியை மூழ்கடிக்கும். கைபேசியில் எவரையும் அழைப்பது வெளியேறிய பின்னர். கண்ணாடி இறங்காவிடின் கூரிய இரும்பினால் பக்கக் கண்ணாடியின் மூலையில் அடித்து உடைத்தல் வேண்டும். முன்கண்ணாடி எளிதில் உடையாது. அதற்கென விற்கும் சிறு சுத்தியலை ஒவ்வொரு காரிலும் ஓட்டுவோன் கைக்கெட்டும் இடத்தில் வைத்தல் நலம். விபத்து எதுவாயினும் 108ஐ அழைக்கலாம். தமிழ்நாட்டு அரசாங்கத்தார் 2021ஆம் ஆண்டு டிசம்பரில் தொடங்கிய திட்டத்தின்படி, சாலை விபத்திற் சிக்கியோர்க்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை பொருளின்றி அளிக்கப்படுகின்றது. உதவிசெய்யும் வழிப்போக்கரைப் போலீஸ் வழக்கிற் சிக்கவைக்கலாகாது என்று 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் பாதுகாப்பளிக்கின்றது. ஆதலின் விழுந்தவரைக் கண்டு விலகிச் செல்லாதீர்கள்.

அன்பர்களே! இனி எமது சொந்தக் கதை.

சில ஆண்டுகளுக்குமுன் ஒரு கார்த்திகை மாதம். வலங்கைமானுக்கு அப்பால் ஒரு சிற்றூரில் எம் உறவினர் வீட்டுத் திருமணம். காலை ஆறு மணிக்கு மேல் ஏழரைக்குள் முகூர்த்தம். இரவெல்லாம் மழை பெய்து விடியற்காலையிலும் விடவில்லை. எம் தமக்கை மகனே காரைச் செலுத்த வந்தான். இருபத்துமூன்று வயது. காவற்படைக்கான எழுத்துத் தேர்விலே தேறி, உடற்றகுதித் தேர்வுக்கு நாள் எண்ணிக்கொண்டிருந்தான். "மழை சற்றுத் தணியட்டும், மாமா, விடிந்தபின் புறப்படலாம். பின் டயர் இரண்டும் தேய்ந்திருக்கின்றன" என்றான். எம் தமக்கையும் அவ்வாறே சொன்னார். யாம், "முகூர்த்தம் நமக்காகக் காத்திருக்குமா?" என்று கேட்டு வண்டியில் ஏறினோம்.

வழியில் மூன்றுமுறை எமது கைபேசி ஒலித்தது. "எங்கே வருகின்றீர்கள்? நீங்கள் இல்லாமல் எப்படி?" என்பதே அம்மூன்று அழைப்பிலும் கேட்ட சொல். ஒவ்வொரு முறையும் அவனை நோக்கி, "இன்னும் சற்று வேகமாகப் போ, தம்பி" என்றோம். அவன் மறுமொழி சொல்லவில்லை, வேகத்தைக் கூட்டினான். ஒரு வளைவில், டிராக்டர் ஏறிய இடத்துச் சேற்றின்மேல் சக்கரம் பட்டது. வண்டி திரும்பவில்லை. கரையை விட்டு இறங்கி, முன்பக்கம் வாய்க்காலில் மோதி நின்றது. இருக்கைவரை நீர் புகுந்தது. நல்வினைப் பயனாக அன்று வாய்க்காலில் ஆழமில்லை. நாற்று நடச் சென்றுகொண்டிருந்த உழவுத் தொழிலாளர் இருவர், எமது பெயரும் ஊரும் கேளாமல், கழுத்தளவு நனைந்து எங்களை வெளியே எடுத்தனர். எமக்குச் சிராய்ப்பு மட்டுமே. பிள்ளைக்கு வலக்கால் இரண்டிடத்தில் முறிந்தது.

அவன் ஏழு மாதம் நடக்கவில்லை. உடற்றகுதித் தேர்வு நாள் அவன் கட்டிலிற் கிடக்கும்போதே கழிந்தது. இன்று ஒரு கடையிற் கணக்கெழுதுகின்றான். மாடிப்படி ஏறும்போது கைப்பிடியைப் பற்றி ஏறுகின்றான். அவன் ஒருநாளும் எம்மைக் குறை சொன்னதில்லை. "நீங்கள் சொன்னதற்காக அல்ல, மாமா, நானேதான் விரைந்தேன்" என்கின்றான். அது எமக்காகச் சொல்லும் சொல் என்பது எமக்குத் தெரியும்.

திருமணம் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். குறித்த நேரத்தில் தாலி கட்டப்பெற்றது. பந்தி போட்டபோதுதான் யாம் வரவில்லை என்பதை அவர்கள் உணர்ந்தனராம்.

பின்னர் ஒருநாள் கணக்கிட்டுப் பார்த்தோம். கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். மணிக்கு 60 வீதம் சென்றால் நாற்பது நிமிஷம். 40 வீதம் சென்றால் அறுபது நிமிஷம். அத்தனை தூரத்துக்கே இலாபம் இருபது நிமிஷம். நாங்கள் சென்ற தூரமோ அதிற் பாதியும் இல்லை. பத்து நிமிஷத்துக்குக் குறைந்த காலத்தைப் பெறுவதற்கு யாம் கேட்டது ஓர் இளைஞனின் கால்.

பேச்சின் தொடக்கத்தில் யாம் குறித்த ஒன்று இதுவே. மழையில் வண்டியின் வேகத்தைக் கூட்டுவது ஓட்டுவோன் கால் மட்டுமன்று. பின்னிருக்கையில் அமர்ந்திருப்போன் சொல்லும், மண்டபத்தில் காத்திருப்போன் அழைப்பும், தாமதமாக வந்தவனை நோக்கும் பார்வையும் கூட்டுகின்றன. நம்மவருள் மரியாதைக்கு மிக்க இடமுண்டு. "அவர் வரவில்லை", "இவர் பந்தி முடிந்து வந்தார்" என்று ஆண்டுக்கணக்கில் நினைவு வைத்துப் பேசுவோம். அப்பேச்சுக்கு அஞ்சியே நம் பிள்ளைகள் மழையில் விரைகின்றனர். டயரைப் பழுதுபார்ப்பதுபோல நாம் இவ்வழக்கத்தையும் பழுதுபார்த்தல் வேண்டும்.

ஆதலின் இச்சபையின்முன் நான்கு வேண்டுகோளை வைக்கின்றோம். ஒன்று, ஐப்பசி கார்த்திகை மாதங்களில் வைகறை முகூர்த்தம் வைக்கும் வீட்டார், வெளியூர் உறவினரை முதல்நாள் பகலிலேயே வந்து தங்கும்படி அழைத்து, அவர்கள் படுக்க இடமும் செய்தல் வேண்டும். இரண்டு, வழியில் வருவோரைக் கைபேசியில் அழைத்து விரைவுபடுத்தலாகாது. அவசியமாயின் உடன் வருவோரை அழைத்து, "நிதானமாக வாருங்கள்" என்ற சொல்லை மட்டும் சொல்லுதல் வேண்டும். மூன்று, மழையினால் தாமதித்தவரையும் வாராதவரையும் குறைகூறாமை நம் குலமரியாதையாகக் கொள்ளப்பட வேண்டும். அவ்வாறு கூறுவோரை அவ்வீட்டுப் பெரியவரே தடுத்தல் வேண்டும். நான்கு, இளைஞன் ஒருவன் "இம்மழையில் வண்டி எடுக்கமாட்டேன்" என்று சொன்னால், அச்சொல்லே இறுதியாகும். வயதில் மூத்தவராயினும், உறவில் மாமனாராயினும், வண்டியில் அவன் சொல்லுக்கு மேற்சொல் இல்லை. இந்நான்கையும் நம் சங்கத்தின் தீர்மானமாக நிறைவேற்றினால், திருமண அழைப்பிதழ்களில் ஒரு வரியாக அச்சிடவும் கூடும்.

இளைஞர்களே! உங்களுக்கு ஒரு சொல். பெரியவர் சொல்லை மீறாமை நல்லொழுக்கம் என்று பள்ளியில் உங்களுக்குக் கற்பிப்பவர்களுள் யாமும் ஒருவர். அவ்விதிக்கு ஒரு புறனடையை இன்று யாமே வகுக்கின்றோம். மழையில் "விரைந்து போ" என்று எவர் சொன்னாலும், அவர் உங்களுக்குத் தமிழ் கற்பித்த ஆசிரியரேயாயினும், கேளாதீர்கள்.

இவ்வாண்டு மழை நம் வயலுக்கு வேண்டும் அளவு பெய்க, சம்பா செழிக்க, புறப்பட்டோர் அனைவரும் தாமதமாகவேனும் தம் வீடு சேர்க.